புது ஆஃப்ரோடு வண்டிக்கு எந்த டயர், எவ்வளவு லிஃப்ட்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஃபோர் வீல் டிரைவ் வண்டி எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கத் தொடங்கிவிடும் கேள்விகள் இவை. ஜிம்னி, தார், ராங்லர், ஃபார்ச்சூனர் என எந்த வண்டியானாலும் அடிப்படை ஒன்றுதான். வண்டிக்கு வண்டி மாறுகிற இடங்களை அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

வண்டி வந்து ஒரு வாரம் ஆகிறது. முதலில் டயரை மாற்றுவதா, சஸ்பென்ஷனை மாற்றுவதா?

இப்போதைக்கு இரண்டையும் விடுங்கள். கம்பெனி கொடுத்தபடியே மூன்று நான்கு முறை கரடுமுரடான பாதைக்குக் கொண்டுபோங்கள். போய் வந்ததும் எங்கே சிக்கல் வந்தது என்று ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். சேற்றில் சக்கரம் சும்மா சுழன்றதா? கல்லில் அடிவயிறு தட்டியதா? மேடேறும்போது முன் பம்பர் உரசியதா? குழியில் விழுந்து, சஸ்பென்ஷன் கடைசி வரை அமுங்கினால் தடுக்கும் ரப்பர் கட்டையான பம்ப் ஸ்டாப்பில் டங்கென்று இடித்ததா? நான்கும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு வேறு.

பெரும்பாலானவர்களின் நோட்டில் முதலில் வருவது பிடிமானக் குறைவுதான். அதற்கு மருந்து டயர். அதனால் டயர் முதலில், சஸ்பென்ஷன் அப்புறம். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டயர் அளவு முடிவானால்தான் வண்டியை உயர்த்த வேண்டுமா, எவ்வளவு உயர்த்த வேண்டும் என்பது தெரியும். லிஃப்ட்டை முதலில் போட்டுவிட்டு, காலியாகத் தெரிகிற வீல் ஆர்ச்சை நிரப்ப டயர் தேடுகிறவர்கள்தான் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

ஹெச்டி, ஏடி, ஆர்டி, எம்டி என்கிறார்களே, என்ன வித்தியாசம்? எனக்கு எது?

ஹைவே டெரெய்ன், ஆல் டெரெய்ன், ரக்கட் டெரெய்ன், மட் டெரெய்ன். வித்தியாசம் பெரும்பாலும் டயரின் மேலே இருக்கும் பட்டன்களிலும் அவற்றுக்கு நடுவே விட்ட இடைவெளியிலும் இருக்கிறது. ஹெச்டியில் பட்டன்கள் நெருக்கம், பள்ளம் ஆழமில்லை. தார்ச்சாலையில் சத்தமில்லாமல் ஓடும், மழையில் நன்றாக நிற்கும். ஆனால் ஈரக் களிமண்ணில் நாலு சுற்று சுற்றியதும் பள்ளமெல்லாம் அடைத்துக்கொண்டு வழவழப்பான உருளையாகிவிடும்.

எம்டி அதற்கு நேர் எதிர். பட்டன்கள் பெரியவை, நடுவே கட்டை விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சக்கரம் சுழலும்போது சேறு தானாகவே தெறித்து வெளியேறும். பக்கவாட்டிலும் பட்டன் இருப்பதால் ஆழமான சக்கரத் தடத்திலிருந்து ஏறி வர உதவும். இதற்கெல்லாம் விலை சாலையில் கொடுக்க வேண்டியிருக்கும். தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் ஈரமான தார்ச்சாலையில் பிரேக் தூரம் கூடும். எண்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் உள்ளே பேசுவதற்குக் குரலை உயர்த்த வேண்டும். எடையும் கூடுதல். ஒரு டயருக்கு ஐந்தாறு கிலோ கூடினாலே ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் தெரியும், ஏனென்றால் அது சுழல்கிற எடை.

ஏடி இந்த இரண்டுக்கும் நடுவே. ஆர்டி என்பது ஏடிக்கும் எம்டிக்கும் நடுவே பிற்பாடு வந்த வகை. நடுப்பகுதி ஏடி மாதிரி, தோள்பட்டை எம்டி மாதிரி.

வாரத்தில் ஆறு நாள் சாலை, ஒரு நாள் மண் என்றால் ஏடி போதும். யோசிக்கவே வேண்டாம். மாதத்தில் பாதி நாள் சேற்றில்தான் என்றால் மட்டும் எம்டி. பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறது என்று எம்டி போட்டுவிட்டு ஆறு மாதத்தில் விற்க ஆள் தேடியவர்கள் எனக்குத் தெரிந்தே நான்கைந்து பேர்.

ஒன்று ஞாபகம் இருக்கட்டும். மணலில் எம்டி எந்த விதத்திலும் மேலானதல்ல. பட்டன்கள் மணலை வாரி வாரித் தள்ளி வண்டியைக் குழிக்குள் இறக்கிவிடும். மணலுக்கு வேண்டியது காற்றை இறக்கின டயர். அதைக் கீழே பார்ப்போம்.

டயரின் பக்கத்தில் 265/70 ஆர்17 115டி என்று இருக்கிறது. எப்படிப் படிப்பது?

265 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 70 என்பது பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. இங்கே 185.5 மி.மீ. ஆர் என்றால் ரேடியல். 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். மொத்த உயரம் வேண்டுமென்றால் ரிம்மின் 431.8 மி.மீ.யுடன் பக்கச்சுவரை இரண்டு முறை கூட்டுங்கள். 802.8 மி.மீ., அதாவது சுமார் 31.6 அங்குலம்.

115 என்பது சுமை எண். அந்த டயர் 1,215 கிலோ தாங்கும் என்று அர்த்தம். 112 என்றால் 1,120 கிலோ, 116 என்றால் 1,250 கிலோ. கடைசி எழுத்து வேக வரம்பு. கியூ 160, எஸ் 180, டி 190 கிலோமீட்டர். புது டயரின் சுமை எண் பழையதை விடக் குறையக் கூடாது. இதில் சமரசமே வேண்டாம்.

பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் ஒன்று இருக்கும். 2324 என்றால் 2024ஆம் ஆண்டு 23ஆவது வாரம் தயாரானது. பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் முதலில் குனிந்து இதைப் பாருங்கள்.

எவ்வளவு பெரிய டயர் போடலாம்?

எல்லோருக்கும் ஆசை இதில்தான், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

மேலே பார்த்த 265/70 ஆர்17க்குப் பதில் 285/70 ஆர்17 போடுவதாக வைத்துக்கொள்வோம். புது விட்டம் 830.8 மி.மீ. கூடியது 28 மி.மீ. ஆனால் ஆக்ஸில் உயர்வது அதில் பாதி, 14 மி.மீ. மட்டுமே. உங்கள் சுண்டு விரலின் அகலம்தான். அந்த 14 மி.மீ.க்காக நீங்கள் விட்டுக்கொடுப்பது என்னவென்று பாருங்கள்.

ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதை விட 3.5 சதவீதம் வேகமாக ஓடுவீர்கள். ஓடோமீட்டரும் அதே அளவு குறைத்துக் காட்டும், எனவே மைலேஜ் கணக்கும் பொய்யாகும். எல்லா கியரும் 3.5 சதவீதம் நீளும். மெதுவாக, அதிக இழுவிசையோடு போக உதவும் லோ ரேஞ்சில் முதல் கியர் 4, அதைத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் 2.5, ஆக்ஸில் 4.1 என்றால் மூன்றையும் பெருக்க 41 வருகிறது. இன்ஜின் 41 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை. புது டயரோடு அது 39.6 மாதிரி நடந்துகொள்ளும். இவ்வளவு சின்ன மாற்றத்தைப் பலர் உணர்வதில்லை. ஆனால் டயர் மூன்று அங்குலம் வளர்ந்தால் செங்குத்து இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் போதாமல் கால் தானாக பிரேக்கைத் தேடும். அந்த அளவுக்குப் போகிறவர்கள் ஆக்ஸில் கியரையும் மாற்றியாக வேண்டும்.

அப்புறம் உரசல். ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயரின் பின் ஓரம் ஃபெண்டர் லைனரிலோ பாடி மவுண்டிலோ உரசலாம். சமதரையில் நின்று பார்த்துவிட்டு உரசவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். ஒரு முன் சக்கரத்தைப் பெரிய கல்லின் மேல் ஏற்றி, பக்கத்துச் சக்கரம் தொங்க, ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசி வரை சுற்றிப் பாருங்கள். உரசலின் உண்மை நிலவரம் அப்போதுதான் தெரியும்.

பொதுவாக, கம்பெனி அளவிலிருந்து 3 சதவீதத்துக்குள் நின்றால் வேறு எதையும் தொடாமல் பிழைக்கலாம். ஜிம்னியில் வருவது 195/80 ஆர்15, விட்டம் 693 மி.மீ. பலர் போடும் 215/75 ஆர்15இன் விட்டம் 703.5. வித்தியாசம் ஒன்றரை சதவீதம். அந்தச் சின்ன இன்ஜினுக்கு அது சரியான எல்லை என்பது என் கருத்து.

அகலமான டயர் நல்லதா, ஒல்லியானது நல்லதா?

ஒரே காற்றழுத்தத்தில், ஒரே எடைக்கு, இரண்டும் தரையைத் தொடும் பரப்பு ஏறக்குறைய ஒன்றுதான். வடிவம்தான் மாறும். ஒல்லி டயரின் தடம் நீளமாக இருக்கும், அகல டயரின் தடம் குறுக்கே விரியும். மேலே வழவழ சேறு, கீழே கெட்டித் தரை என்றால் ஒல்லி டயர் சேற்றை வெட்டிக்கொண்டு கீழே போய்ப் பிடிக்கும். அடியே இல்லாத மணலில் அகலம் கொஞ்சம் உதவும். பத்து இருபது மில்லிமீட்டர் அகலத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உயரத்தைக் கவனியுங்கள்.

18 அங்குல ரிம்மை எடுத்துவிட்டு 16 போடலாமா?

பிரேக் காலிப்பர் இடித்துக்கொள்ளாது என்றால் தாராளமாகப் போடலாம். மொத்த விட்டம் மாறாமல் ரிம் சிறுத்தால் பக்கச்சுவர் உயரும். கல்லில் ரிம் வளையாமல் காப்பதும், காற்றை இறக்கும்போது வயிறு பிதுங்கித் தரையைக் கவ்வுவதும் அந்தப் பக்கச்சுவர்தான்.

ரிம் வாங்கும்போது ஆஃப்செட்டை, அதாவது சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கும் என்பதைப் பாருங்கள். சக்கரம் அதிகம் வெளியே தள்ளி நின்றால் வீல் பேரிங்குக்குப் பாரம் கூடும், ஒவ்வொரு குழியிலும் ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்கும், வண்டி தன் கதவின் மேலேயே சேற்றை வாரி அடித்துக்கொள்ளும்.

எல்டி என்று போட்ட டயர்தான் வாங்க வேண்டுமா?

எல்டி என்பது லைட் டிரக் டயர். உள்ளே கூடுதல் நூலடுக்கு, கெட்டியான பக்கச்சுவர். சுமை வரிசை சி என்றால் 6 பிளை தரம், டி என்றால் 8, ஈ என்றால் 10. கூர்மையான கல் நிறைந்த பாதையில் தூரப் பயணம், நிறைய சாமான், உதவிக்கு ஆள் இல்லாத இடம் என்றால் எல்டி வாங்குங்கள். பட்டன் இருக்கும் பகுதியில் ஆணி ஏறினால் ஒட்டிக்கொள்ளலாம், பக்கச்சுவர் கிழிந்தால் அந்த டயர் முடிந்தது.

ஆனால் லேசான வண்டியில் 10 பிளை டயர் போட்டால் காற்றை எவ்வளவு இறக்கினாலும் டயர் வளையாது. கருங்கல் மாதிரி நிற்கும், சவாரியும் முதுகைப் பதம் பார்க்கும். இன்னொன்று, அதே சுமையைத் தாங்க எல்டி டயருக்குச் சாதாரண டயரை விட அதிகக் காற்று வேண்டும். கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவு கம்பெனி டயருக்கானது. எல்டிக்கு மாறினால் டயர் கம்பெனியின் சுமை அட்டவணையைப் பார்த்துக் காற்றடிக்க வேண்டும்.

காற்றை இறக்க வேண்டும் என்கிறார்கள். எவ்வளவு, எப்போது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு சக்கரத்தின் மேல் 500 கிலோ இருப்பதாக வைத்துக்கொள்வோம். 35 பிஎஸ்ஐ காற்றில் டயர் தரையைத் தொடும் பரப்பு சுமார் 200 சதுர செ.மீ. விரித்த உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். அதையே பதினேழரைக்கு இறக்கினால் பரப்பு கிட்டத்தட்ட இரட்டிப்பாகும். பக்கச்சுவரும் கொஞ்சம் தாங்கும் என்பதால் துல்லியமான கணக்கல்ல, ஆனால் போக்கு அதுதான். தடம் அகலத்தை விட நீளத்தில்தான் அதிகம் வளரும், புல்டோசரின் சங்கிலிப் பட்டை மாதிரி. கூடவே ரப்பர் கல்லின் மேல் குதிக்காமல் அதைச் சுற்றி மடங்கிப் பிடிக்கும்.

தொடங்குவதற்கு ஒரு கணக்கு. கெட்டியான சரளைப் பாதைக்கு 26 முதல் 28. கல்லும் சேறும் கலந்த காட்டுப் பாதைக்கு 20 முதல் 22. மணலுக்கு 18இல் தொடங்கி, போதவில்லை என்றால் 15. அதற்குக் கீழே போனால் டயரின் விளிம்பு ரிம்மை விட்டுக் கழன்றுகொள்ளும் ஆபத்து உண்டு, முக்கியமாகச் சட்டென்று திருப்பும்போது. வண்டி எடை கூடினால் இந்த எண்களும் ஓரிரண்டு கூட வேண்டும்.

காற்றை இறக்கிய டயரில் வேகம் கூடாது. பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிறது, அந்த மடிப்பில் சூடு பிறக்கிறது. மணல் அழுத்தத்தில் 30, 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதீர்கள். தார்ச்சாலையைத் தொட்டதும் கம்ப்ரஸரை எடுத்து மறுபடி ஏற்றிவிட வேண்டும். 'பக்கத்தில்தானே, பங்க்கில் அடித்துக்கொள்ளலாம்' என்று ஓட்டிப்போகும்போதுதான் டயர் வெடிக்கும்.

எண் சரியா என்று சோதிக்க இரண்டு வழி. சாலைக்கான அளவு தெரிய, காலையில் குளிர்ந்த டயரில் அளந்து வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளவெடுங்கள். 4 பிஎஸ்ஐ வரை ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அதிகம் மடங்கிச் சூடாகிறது, தொடக்கத்திலேயே காற்று குறைவு. எல்டி டயரில் 6 வரை விடலாம். இன்னொரு வழி சாக்பீஸ். பட்டன்களின் குறுக்கே ஒரு தடிமனான கோடு போட்டு, நேராக ஐம்பது அடி ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்தால் குறைவு.

ஸ்டெப்னியும் அதே அளவில் வேண்டுமா?

வேண்டும். எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் சிறியதாக இருந்தால் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பான டிஃபரன்ஷியல் ஓயாமல் வேலை செய்து சூடாகும். தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் பார்ட் டைம் ஃபோர் வீலிலும் அந்த நிலையில் ஃபோர் ஹை (சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை) போட முடியாது. ஐந்தாவது டயரையும் சுழற்சியில் சேர்த்து 8,000 முதல் 10,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் ஐந்தும் ஒன்றாகவே தேயும். புது டயர் பின்கதவிலோ அடியிலோ இருக்கும் ஸ்டெப்னி இடத்தில் கொள்ளுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

சரி, சஸ்பென்ஷனுக்கு வருவோம். லிஃப்ட் போட்டால் என்ன கிடைக்கும்?

சேஸிஸும் பாடியும் உயரும். அதனால் மேடேறும் கோணம், இறங்கும் கோணம், நடுவயிறு தட்டாமல் தாண்டும் கோணம் மூன்றும் கூடும். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும்.

கிடைக்காதது என்ன என்பதுதான் முக்கியம். ஒரே தண்டாக இருக்கும் ஆக்ஸிலில், நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டை லிஃப்ட்டால் ஒரு மில்லிமீட்டர்கூட உயராது. ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பது எதுவும் உயராது. அதை உயர்த்த டயரால் மட்டுமே முடியும். சக்கரத் தடங்களுக்கு நடுவே இருக்கும் மண்மேட்டில் டிஃபரன்ஷியல் இடிக்கிறது என்பது உங்கள் புகாரானால், லிஃப்ட் கிட் வாங்கி வந்தும் அதே இடத்தில் இடித்துக்கொண்டுதான் நிற்பீர்கள்.

ஈர்ப்பு மையமும் உயர்கிறது. பக்கவாட்டுச் சரிவில் வயிற்றைக் கலக்கும். சாலையில் சட்டென்று லேன் மாற்றினால் உடம்பு ஒரு கணம் தாமதமாக வரும்.

எத்தனை அங்குலம் வரை போகலாம்?

40 முதல் 50 மி.மீ., அதாவது இரண்டு அங்குலத்துக்குள். அதற்கு மேல் போனால் ஒவ்வொரு அங்குலமும் இன்னும் நான்கு பாகங்களை மாற்றச் சொல்லும்.

முன்னால் இண்டிபெண்டெண்ட் சஸ்பென்ஷன் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் வகை) உள்ள தார், ஃபார்ச்சூனர் போன்ற வண்டிகளில் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு சேர்ந்து மேலே போய்விடும், சக்கரம் கீழே நிற்கும். நடுவே இருக்கும் அரை ஆக்ஸில் சாய்வாகும். அரை ஆக்ஸிலைச் சாய்வாகவே சுற்ற விடும் சிவி ஜாயிண்ட் செங்குத்தான கோணத்தில் சுற்றும். அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் மடிப்புக்கு மடிப்பு உரசிக் கிழியும், கிரீஸ் வெளியே வரும், மண் உள்ளே போகும். மேல் கண்ட்ரோல் ஆர்மின் பால் ஜாயிண்ட்டும் எல்லைக்கு வந்துவிடும். ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வான காஸ்டர் கோணமும் குறைவதால் திருப்பத்துக்குப் பின் ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது.

முன்னும் பின்னும் தண்டு ஆக்ஸில் உள்ள ஜிம்னி, ராங்லரில் சிவி பிரச்சினை இல்லை. ஆனால் பான்ஹார்டு ராட் என்ற குறுக்குக் கம்பி சாய்வாகி, ஆக்ஸிலையே சில மில்லிமீட்டர் ஒரு பக்கமாக இழுத்துவிடும். நீளத்தை மாற்றக்கூடிய ராட் போட்டால் சரியாகும். காஸ்டர் இங்கேயும் குறையும், அதற்கென்று ஓட்டை தள்ளிப் போட்ட புஷ் (இணைப்பில் வரும் ரப்பர் வளையம்) கிடைக்கிறது. பிரேக் ஹோஸ் முழு தொங்கலிலும் இழுபடாமல் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தண்டு ஆக்ஸில் வண்டியில் ஏதோ ஒரு வேகத்தில் குழி ஒன்றைத் தாண்டியதும் ஸ்டீயரிங் வெறி பிடித்தது போல ஆடுவதை டெத் வாபுள் என்பார்கள். பெரும்பாலும் தேய்ந்த புஷ், தளர்ந்த பால் ஜாயிண்ட், பேலன்ஸ் இல்லாத பெரிய டயர் ஆகியவற்றின் கூட்டு வேலை அது. லிஃப்ட்டும் பெரிய டயரும் ஏற்கெனவே இருக்கிற தேய்மானத்தை அம்பலப்படுத்திவிடும்.

ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் மலிவாக முடிகிறதே?

முடிகிறது. சாலையில் நிற்கும்போது அழகாகவும் இருக்கும். சக்கரம் மேலும் கீழும் போகும் மொத்தத் தூரம் 200 மி.மீ., நிற்கும் நிலையிலிருந்து மேலே 110, கீழே 90 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷாக் அப்சார்பரை மாற்றாமல் 50 மி.மீ. உயர்த்தினால், கீழே போக மிச்சமிருப்பது 40தான். குழியில் சக்கரம் இறங்கும்போது ஷாக் தன் முழு நீளத்துக்கு வந்து தட் தட்டென்று இழுபடும். சக்கரம் தரையை விட்டுச் சீக்கிரம் தூக்கும். எதற்காக லிஃப்ட் போட்டோமோ அதற்கே எதிராக வேலை செய்கிறது. வண்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் சரிசெய்ய 10 மி.மீ. ஸ்பேசர் வைப்பதில் தப்பில்லை.

ஸ்பிரிங் எப்படித் தேர்ந்தெடுப்பது?

எடையை வைத்து. நீங்கள் ஏற்றப்போவதாகக் கனவு காணும் எடையை வைத்து அல்ல, தினமும் வண்டியில் இருக்கும் எடையை வைத்து.

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. கூரைக் கூடாரம், இரண்டு தண்ணீர் கேன், ஃபிரிட்ஜ் எல்லாம் வரும் என்ற நினைப்பில் பின்னால் 300 கிலோ கூடுதல் சுமைக்கான ஸ்பிரிங் போட்டேன். கூடாரம் வரவே இல்லை. காலி வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் பின்பக்கத்தைத் தூக்கி எறிந்தது. பின் சீட்டில் உட்கார்ந்த அம்மா இரண்டாவது கிலோமீட்டரிலேயே முன்னால் மாறிக்கொண்டார். ஈரமான வளைவில் பின்சக்கரம் வழுக்கவும் செய்தது, ஏனென்றால் கெட்டி ஸ்பிரிங் சக்கரத்தைத் தரையோடு ஒட்டி வைக்காது. எட்டு மாதத்தில் கழற்றிவிட்டேன்.

கணக்கு எளிது. ஒரு ஸ்பிரிங் 1 மி.மீ. அமுங்க இரண்டரை கிலோ வேண்டும் என்றால், பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 100 கிலோ ஏற்றினால் ஆளுக்கு 50 கிலோ, 20 மி.மீ. இறங்கும். நிரந்தரமாக அந்த 100 கிலோ இருக்கும் என்றால் அதற்கேற்ற ஸ்பிரிங் நியாயம். வருடத்துக்கு இரண்டு தடவைதான் என்றால் கம்பெனி ஸ்பிரிங்கை வைத்துக்கொண்டு, காயிலுக்குள் காற்றுப் பை வைப்பது நல்ல வழி.

வழக்கமான சாமான், ஆட்கள், நிறைந்த டேங்க் எல்லாவற்றோடும் எடைமேடையில் முன் ஆக்ஸில் தனியாக, பின் ஆக்ஸில் தனியாக எடை போடுங்கள். அந்தச் சீட்டோடு ஸ்பிரிங் விற்பவரிடம் போனால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். ஸ்டீல் பம்பரும், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச்சும் முன்னால் வந்தால் அதற்கு மட்டுமே 60 முதல் 100 கிலோ ஏறும். அப்போது முன் ஸ்பிரிங்கும் மாற வேண்டும்.

கெட்டி ஸ்பிரிங் போட்டால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை கூடிவிடாது. பிரேக்கும் ஆக்ஸிலும் சேஸிஸும் பழையவையே.

ஷாக் அப்சார்பரில் ட்வின் டியூப், மோனோ டியூப், ரிசர்வாயர் எது வேண்டும்?

ஸ்பிரிங் வண்டியைத் தாங்குகிறது, அதன் ஆட்டத்தை அடக்குவது ஷாக். அடக்கிய சக்தி முழுவதும் எண்ணெயில் சூடாகிறது. துவைக்கும் கல்லில் இருக்கும் வரிகள் மாதிரி அலை அலையான மண்சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு ஷாக்கின் அருகே கையைக் கொண்டுபோனாலே அனல் தெரியும், தொடாதீர்கள். சூடான எண்ணெய் இளகும், காற்றோடு கலந்து நுரைக்கும். நுரையை அழுத்துவதில் எதிர்ப்பு இல்லை, எனவே வண்டி படகு மாதிரி மிதக்கத் தொடங்கும்.

ட்வின் டியூப்பில் வெளிக்குழாய் அடிபட்டு நெளிந்தாலும் உள்ளே பிஸ்டன் தப்பிக்கும். மெதுவாகக் கல்லேறும் வேலைக்கு இது போதும். மோனோ டியூப்பில் நைட்ரஜன் வாயு தனி அறையில் இருப்பதால் நுரை குறைவு, சூடும் சீக்கிரம் வெளியேறும். ஆனால் குழாயில் ஒரு நெளிசல் விழுந்தால் பிஸ்டன் மாட்டிக்கொள்ளும். தனி டப்பாவோடு வரும் ரிசர்வாயர் வகையில் எண்ணெய் அதிகம், அதனால் நீண்ட தூரம் வேகமாக மண்சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அர்த்தம் உண்டு. வார இறுதியில் மட்டும் போகிறவருக்கு அது அலங்காரம்.

ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே கம்பெனியின் ஜோடியாக வாங்குங்கள். கெட்டி ஸ்பிரிங்குக்கு இளகின ஷாக் போட்டால் துள்ளல் நிற்காது.

ஸ்வே பாரைக் கழற்றினால் சக்கரம் நன்றாகத் தொங்குமாமே?

ஸ்வே பார் என்பது வளைவில் வண்டி சாயாமல் இருக்க இடது வலது சக்கரங்களை இணைக்கும் கம்பி. கழற்றினால் தொங்கும், மெதுவாகக் கல்லேறும்போது. சாலைக்கு வந்ததும் மாட்டிவிட வேண்டும். சில ராங்லர்களில் பொத்தான் அழுத்தினாலே முன் ஸ்வே பார் பிரிந்துகொள்ளும். அந்த வசதி இல்லாத வண்டியில் கழற்றி மாட்ட மறந்துபோவதுதான் பெரிய ஆபத்து.

வாரண்டி, சட்டம், இன்சூரன்ஸ்?

நாட்டுக்கு நாடு மாறும். செய்வதற்கு முன் மூன்று இடத்திலும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கண்ணாடியில் கேமரா, பம்பரில் ரேடார் உள்ள புது வண்டிகளில் உயரம் மாறினால் அவற்றைத் திரும்ப அளவீடு செய்ய வேண்டியிருக்கும். இதைப் பல ஒர்க்‌ஷாப்பில் சொல்வதே இல்லை.

எல்லாம் பொருத்தியாகிவிட்டது. வண்டியை எடுக்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் ஒரு கேள்வி கேளுங்கள்: "ரப்பர் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போது டைட் செய்தீர்களா, வண்டியைத் தூக்கி வைத்தே செய்தீர்களா?" சக்கரம் தொங்கும் நிலையிலேயே முறுக்கிவிட்டால், வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் நிரந்தரமாகத் திருகிய நிலையில் நிற்கும். என் வண்டியில் அப்படித்தான் செய்து அனுப்பினார்கள். ஐந்தாவது மாதம் கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்த்தபோது இரண்டு புஷ்களில் நகம் நுழையும் அளவுக்கு வெடிப்பு. அதுவரை கேட்ட கிரீச் சத்தத்துக்கு எல்லோரும் 'புதுசு, செட் ஆகிவிடும்' என்றுதான் பதில் சொன்னார்கள்.

வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விடும் முன்பே ஹப்பின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்ளுங்கள். எடுக்கும்போது மறுபடி அளந்தால் எவ்வளவு உயர்ந்தது, ஒரு பக்கம் சாய்கிறதா என்பது தெரியும். ஆயிரம் கிலோமீட்டர் ஓடியதும் ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் இறங்கியிருக்கும், அது இயல்பு. வீல் அலைன்மெண்ட் அன்றே ஒரு முறை, ஸ்பிரிங் இறங்கியபின் இன்னொரு முறை. அச்சடித்த சீட்டைக் கேட்டு வாங்கி காஸ்டர் எண்ணைப் பாருங்கள். மற்ற சக்கரக் கோணங்களான கேம்பர், டோ மட்டும் பச்சையில் இருந்தால் போதாது.

ஹெட்லைட்டைத் தாழ்த்தச் சொல்லுங்கள், எதிரே வருபவர் உங்களைத் திட்டக் கூடாது. வீல் நட்டுகளை 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பாருங்கள்.

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும். எதை வாங்குவது?

நம்பகமான பிரஷர் கேஜ், பேட்டரியில் கிளிப் மாட்டும் கம்ப்ரஸர், பஞ்சர் ஒட்டும் கிட். இந்த மூன்றும் ஒரு நல்ல ஷாக்கின் விலைக்குள் வந்துவிடும். சிகரெட் லைட்டரில் சொருகும் கம்ப்ரஸர் பெரிய டயருக்குத் திணறும், வாங்காதீர்கள். கம்பெனி டயர் தேயும் வரை காட்டுப் பாதையில் அதிலேயே 20 பிஎஸ்ஐ வைத்து ஓட்டிப் பாருங்கள். இதுவரை ஏற மறுத்த மேட்டில் பாதியாவது ஏறிவிடும். ஏறாத மீதியை நோட்டில் எழுதி வையுங்கள், டயர் கடைக்குப் போகும்போது அந்த நோட்டையும் கொண்டுபோங்கள்.